கடற்குதிரைத் தொட்டி: நீளத்தைவிட உயரம் முக்கியம்

கடற்குதிரைக்குத் தொட்டி வாங்கும்போது முதலில் உயரத்தைப் பாருங்கள். இவை நின்றவாக்கில் நீந்துபவை. இணை சேரும்போதும் ஒன்றாக மேலெழும்பும். குறைந்தது 45 செ.மீ. உயரம் வேண்டும். ஒரு ஜோடிக்கு 110 லிட்டர் அளவு சரி.

உப்புத் தண்ணீர் நிரப்பிய அன்றே குதிரைகளை விடாதீர்கள். தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகச் சில வாரங்கள் பிடிக்கும். வெப்பம் 22-24 டிகிரி. அதற்கு மேல் போனால் பாக்டீரியா நோய்கள் சுலபமாகத் தொற்றும். ஹீட்டரைவிடக் குளிரூட்டிதான் பெரும்பாலும் தேவைப்படும். வாலால் சுற்றிப் பிடிக்க செயற்கைச் செடிகள் வையுங்கள். பம்ப் உறிஞ்சும் வாயை ஸ்பாஞ்சால் மூடிவிடுங்கள், அதையும் பிடித்துக்கொண்டு நிற்கும்!

அப்புறம் சாப்பாடு. வயிறே இல்லாத பிராணி இது. தின்றது சீக்கிரம் வெளியேறிவிடும், அதனால் தினமும் இரண்டு மூன்று முறை உறைந்த மைசிஸ் (இறால் போன்ற பொடி உயிரி) கொடுக்க வேண்டும். மீந்ததை உடனே எடுத்துவிடுங்கள். வேகமாகத் தின்னும் மீன்கள் கூட இருந்தால் இந்த நிதானப் பேர்வழி பட்டினிதான். கடலில் பிடித்தவை செத்த இரையைத் தொடாமல் அடம்பிடிக்கும். பண்ணையில் பிறந்தவற்றையே வாங்குங்கள்.