ஒன்றரை இலட்சத்துக்குள் உடம்புக்கு ஏற்ற றோட் சைக்கிள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு

றோட் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது கியர் எத்தனை, நிறை எவ்வளவு, கார்பனா என்றுதான். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போய் இறங்கும்போது கழுத்தும் உள்ளங்கையும் இடுப்பும் நோகுமா என்பதை இந்த மூன்றும் தீர்மானிப்பதில்லை. பிரேமின் அளவும் டயரின் அகலமும்தான் தீர்மானிக்கின்றன. சீற், ஸ்டெம் (ஹாண்டிலைப் பிரேமோடு இணைக்கும் துண்டு), கியர் எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். பிரேம் பிழைத்தால் சைக்கிளையே விற்கத்தான் வேண்டும்.

ட்ரையத்லனுக்கென்றே (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) செய்த சைக்கிளை இந்தக் காசில் தேடவேண்டாம். சாதாரண றோட் சைக்கிளில் சீற் குழாய் ஏறத்தாழ 73 பாகையில் சாய்ந்திருக்கும். ட்ரையத்லன் சைக்கிளில் அது 76 முதல் 78 வரை நிமிர்ந்திருக்கும். முழங்கையை ஊன்றிப் படுத்தபடி ஓட்டுவதற்கு அது சரி. ஆனால் அப்படிப் படுத்தால் பிரேக் கைக்கு எட்டாது. காத்தான்குடியிலும் கல்முனை பஸாரிலும் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத இடத்தில் அது ஆபத்து. இந்த விலைக்கு அகப்படும் பழைய ட்ரையத்லன் சைக்கிள்கள் சிலவற்றில் 650சி சக்கரம் (571 மி.மீ.) இருக்கும். அதற்கு டயர் தேடியே களைத்துப்போவீர்கள்.

ஒலிம்பிக் தூர ட்ரையத்லனில் சைக்கிள் பகுதி 40 கி.மீ., ஸ்பிரின்ட் தூரத்தில் 20 கி.மீ. இரண்டுக்கும் நிமிர்ந்து இருந்து நீண்ட தூரம் ஓட்டச் செய்த ‘எண்டியூரன்ஸ்’ வகை றோட் சைக்கிள் தாராளமாகப் போதும். பிறகு தேவைப்பட்டால் ஹாண்டிலில் பூட்டும் முழங்கைத் தாங்கியை வாங்கிப் பூட்டலாம். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட அனுமதிக்கும் பந்தயங்களில் அந்தத் தாங்கிக்குக் கட்டுப்பாடு உண்டு; காசு கட்ட முன் விதியைப் பாருங்கள்.

வீட்டிலேயே எடுக்கவேண்டிய அளவு

வெறுங்காலோடு சுவரில் முதுகு படிய நில்லுங்கள். பாதங்களுக்கிடையே 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். தடித்த அட்டைப் புத்தகமொன்றைக் காலிடுக்கில் வைத்து, சீற்றில் இருக்கும்போது எவ்வளவு அழுத்தம் விழுமோ அவ்வளவுக்கு மேலே இறுக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தை இன்னொருவரைக் கொண்டு பென்சிலால் குறிக்கச் செய்து, நிலத்திலிருந்து அளவுங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். காற்சட்டை அளவை வைத்துக் கணக்குப் போட்டால் பல சென்ரிமீற்றர் பிழைக்கும்.

அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுற்றும் நடு அச்சின் மையத்திலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரையான உயரம் வரும். 0.67 ஆல் பெருக்கினால், மேற்குழாய் படுக்கையாக உள்ள பழைய பாணி பிரேமின் அளவு வரும். கால் அளவு 80 செ.மீ. என்றால் சீற் உயரம் 70.6, பிரேம் 53 அல்லது 54. மேற்குழாய் சரிந்திருக்கும் இன்றைய பிரேம்களுக்கு இந்த இரண்டாவது கணக்கு சரிவராது. அவற்றுக்கு ‘ஸ்டாக்’, ‘ரீச்’ என்ற இரண்டு எண்களைக் கம்பனியின் அளவுப் பட்டியலில் தேடுங்கள். ஸ்டாக் என்பது அந்த நடு அச்சிலிருந்து ஹாண்டில் குழாயின் தலை எவ்வளவு உயரம் என்பது, ரீச் என்பது அது எவ்வளவு முன்னால் என்பது. ஸ்டாக்கை ரீச்சால் வகுத்துப் பாருங்கள். 1.5 அல்லது அதற்கு மேல் வந்தால் நிமிர்ந்து இருந்து ஓட்டலாம், 1.4 அளவில் வந்தால் அது பந்தயக்காரருக்கு. உதாரணமாக 570க்கு 378 என்றால் 1.51; 540க்கு 385 என்றால் 1.40. மேசை வேலை செய்து முதுகு இறுகியவருக்கு இந்த இரண்டாவது பிரேம் முதல் மாதத்திலேயே அலுத்துவிடும்.

இரண்டு அளவுக்கு நடுவில் நீங்கள் விழுந்தால் சிறியதை எடுங்கள். சிறிய பிரேமுக்கு நீளமான ஸ்டெம் போடலாம். பெரிய பிரேமுக்கு 70 மி.மீ. இலும் குறைந்த ஸ்டெம் போட்டால் ஹாண்டில் துள்ளத் தொடங்கும்.

டயர்: சின்ன எண், பெரிய தொல்லை

டயருக்கு 28 மி.மீ. இடம் இல்லாத பிரேமை வாங்காதீர்கள். 32 போகுமென்றால் இன்னும் நல்லது. டயருக்கும் பிரேமுக்கும் இடையில் இரு பக்கமும் 4 மி.மீ. வெளி இருக்கவேண்டும். எழுபது கிலோ நிறையுள்ளவர் 28 டயருக்கு 70 முதல் 75 பிஎஸ்ஐ, 32க்கு 55 முதல் 60 அடித்தால் போதும். கல்லுப்போல் அடித்தால் வேகம் கூடும் என்று சொல்வார்கள். கரடுமுரடான தாரில் சைக்கிள் துள்ளுவதுதான் கூடும்.

இங்கே பலர் மாட்டுப்படும் இடம் ஒன்று உண்டு. ஊர்க்கடையில் ‘28 டயர்’ என்று கேட்டால் கொடுப்பது பெரிய சைக்கிளின் 28×1½ டயர். அது றிம்மில் உட்காரும் விளிம்பின் விட்டம் 635 மி.மீ. உங்களுக்குத் தேவையானது 700×28. அதன் விளிம்பு 622. ஒன்று மற்றதன் றிம்மில் உட்காராது. ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள்களில் 27×1¼ என்றும் இருக்கும், அது 630. பெயரை விட்டுவிட்டு டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் ‘28-622’ போன்ற எண்ணைப் பாருங்கள். பின்னால் 622 இல்லாவிட்டால் சைக்கிள் எவ்வளவு மலிவாயிருந்தாலும் யோசியுங்கள்.

றோட் சைக்கிளின் மெல்லிய வால்வுக்குத் தெருவோரக் கடைப் பம் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் இரண்டை வாங்கி ஒன்றைச் சீற் பையில் போட்டுவையுங்கள். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் இடத்திலெல்லாம் அது கைகொடுக்கும்.

பாவித்ததை வாங்கும்போது

இந்தக் காசுக்குப் புதிதைவிட, நல்ல நிலையிலுள்ள பாவித்த அலுமினியப் பிரேமும் கார்பன் முன்கவையும்தான் பெறுமதி. பாவித்த முழுக் கார்பன் பிரேமை, வெடிப்புப் பார்க்கத் தெரிந்தவர் கூட வராமல் வாங்கவேண்டாம்.

கடலோரத்தில் ஓடிய சைக்கிளில் முதல் பார்க்கவேண்டியது சீற் தண்டு. உப்புக் காற்றில் இரும்புப் பிரேமும் அலுமினியத் தண்டும் ஒன்றையொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டைத் தளர்த்தி, தண்டு மேலும் கீழும் அசைகிறதா என்று பாருங்கள். “கொஞ்சம் ஒயில் விட்டால் கழரும்” என்று விற்பவர் சொன்னால், அவரையே விட்டுக் கழற்றித் தரச் சொல்லுங்கள். கழராத தண்டு என்றால் உயரம் உங்களுக்கு ஏற்றபடி வராது. பிரேம் சரியாயிருந்தும் பயனில்லை.

அடுத்து செயின். இரும்பு அடிமட்டத்தை ஒரு ஊசியின் நடுவில் வைத்து 12 அங்குலம் அளவுங்கள். புதிய செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு ஊசியின் நடு சரியாக நிற்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றவேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்பல்லும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பிரேமைத் தலைகீழாக்கி, கீழ்க்குழாய் ஹாண்டில் குழாயோடு சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ட் அலைபோல் சுருங்கியிருந்தால் முன்னால் மோதிய சைக்கிள். எடுக்கவே வேண்டாம். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘டக் டக்’ என்றால் ஹாண்டில் கோப்பை தளர்ந்திருக்கிறது. அது சின்ன வேலை. றிம்மின் பிரேக் பிடிக்கும் பக்கம் குழிந்திருந்தால் சக்கரம் முடிந்த கதை. ரசீதும், அடியில் அடித்திருக்கும் பிரேம் இலக்கமும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

கியருக்குப் பின்னால் 8 பல்வட்டம் உள்ள ஷிமானோ கிளாரிஸ் போதும். நம்முடைய கரையோரத்தில் ஏற்றம் என்றால் பாலம்தான். முன்பல் 50/34, பின்பல் 11 முதல் 28 வரை. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மலைப்பக்கம் ஏற நினைப்பவர்களுக்குப் பின்னால் 32 பல் தேவைப்படும். 8 கியர் செயினும் மலிவு. றிம் பிரேக்கும் இங்கே குறைச்சல் இல்லை. மாரியில் மணல் ஒட்டினால் மட்டும் பிரேக் கட்டையைக் கழற்றித் துடையுங்கள்.

ஆழமான றிம் பார்க்க வடிவுதான். கரையோர வீதி வடக்குத் தெற்காகப் போக, கச்சான் காற்று மேற்கிலிருந்து பக்கவாட்டில் அறையும். மறைப்பே இல்லாத கல்லடிப் பாலத்தில் 50 மி.மீ. றிம் சைக்கிளை பஸ்ஸின் பக்கம் தள்ளும். 30க்கு மேல் போகாதீர்கள்.

ஒன்றரை இலட்சத்தில் சைக்கிளுக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டவேண்டாம். மிச்சம் ஹெல்மட், டயர் டியூப், பம், தேவைப்பட்டால் வேறு சீற். மெத்தென்ற சீற்றைப் பார்த்து மயங்காதீர்கள். இருப்பெலும்பு அதில் புதைய, நடுவிலுள்ள சதைதான் நசுங்கி மரத்துப்போகும். அலை அட்டையொன்றைக் கல் இருக்கையில் வைத்து அதன்மேல் இருந்து எழும்பினால் இரண்டு குழி விழும். குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 20 முதல் 25 மி.மீ. கூட்டுங்கள், அதுதான் உங்களுக்கான சீற் அகலம்.

பூட்டிய பிறகு

சீற்றைக் கணக்கிட்ட உயரத்தில் வைத்து, ரசமட்டம் போட்டுச் சமமாக்குங்கள். பெடல் கீழே நிற்க குதிக்கால் அதில் பட்டு, முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. பெடலைப் படுக்கையாக நிறுத்தி, நூலில் நட் ஒன்றைக் கட்டி முழங்கால் சிரட்டைக்குச் சற்றுக் கீழிருந்து தொங்கவிடுங்கள். அது பெடல் அச்சுக்கு நேரே வந்தால் முன்பின் நிலையும் கிட்டத்தட்டச் சரி.

பிறகு உடம்பு சொல்வதைக் கேளுங்கள். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீற் உயரம் குறைவு, அல்லது முன்னால் கூடிப்போனது. பின்பக்கம் நொந்தாலும், மிதிக்கும்போது இடுப்பு இரு பக்கமும் ஆடினாலும் சீற் உயரம் கூட. விரல் விறைத்தால் சீற்றின் மூக்கு கீழே சாய்ந்திருக்கும், அல்லது ஹாண்டில் எட்டாத் தூரத்தில் இருக்கும். கழுத்து நொந்தால் ஸ்டெம்மைப் புரட்டிப் பூட்டி ஹாண்டிலை உயர்த்திப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும், 3 முதல் 5 மி.மீ. அளவில் மாற்றி, இரண்டு மூன்று ஓட்டம் ஓடிப் பார்த்துத்தான் அடுத்ததில் கை வையுங்கள்.

கடற்கரைப் பக்கம் ஓடிவந்த நாளில் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, செயினைத் துடைத்து ஒயில் போடுங்கள். அச்சுக்களைப் பார்த்துப் பைப்பைப் பீய்ச்சினால் தண்ணீர் உள்ளே போய் பேரிங் கெட்டுவிடும். உலோகச் சீற் தண்டு என்றால் மூன்று மாதத்துக்கொரு தடவை வெளியே இழுத்து கிறீஸ் பூசி, பழைய உயரக் குறியிலேயே திரும்பப் போடுங்கள்.