முன்னோரின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைத் தேட ஒரு வழிகாட்டி

கொள்ளுத்தாத்தாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அரசு அலுவலகத்துக்குப் போய், அவருடைய பிறப்புப் பதிவு வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். தமிழ்நாட்டின் பழைய பதிவேடுகள் ஊர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் எழுதப்பட்டவை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றுள் நுழைய வழி மிகக் குறைவு. நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தாத்தாவின் பெயரையே பேரனுக்கு இடுவதால், ஒரே தெருவில் ஒரே பெயருடன் ஒரே தகப்பன் பெயரும் கொண்ட இருவர் இருப்பதும் அரிதன்று. ஆகவே தேடலுக்குப் புறப்படுமுன், அந்த நிகழ்வு எந்த ஊரில் நடந்தது, எந்த ஆண்டில் நடந்தது, அப்போது அந்த ஊர் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் இயன்ற அளவு விடை தேடிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இருக்கும் ஆவணங்கள்

முதல் விடைகள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். ஜாதகக் குறிப்பு, திருமண அழைப்பிதழ், மொய் நோட்டு, கருமாதிப் பத்திரிகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், நிலப் பத்திரம் ஆகிய அனைத்தையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஊர்ப் பெயர்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். இவற்றுள் பத்திரங்களைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அது பெரிய இழப்பு. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால், இறந்தவர் யார், அவருடைய வாரிசுகள் யார் யார், அன்றைக்கு அவர்களுக்கு என்ன வயது, எந்த ஊரில் குடியிருந்தார்கள் என்பவை ஒரே இடத்தில் கிடைத்துவிடும். சொந்தப் பிரதி தொலைந்திருந்தாலும், பதிவு செய்யப்பட்ட பத்திரமாயின் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். தலைக்கு மேலாகக் கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று கொண்டு, சேர்க்கைக்கு ஏற்றவாறு மே அல்லது ஜூன் மாதத்தில் ஒரு தேதியை ஆசிரியரே எழுதிய காலம் அது. அந்தத் தேதி ஓரிரு ஆண்டு முன்னோ பின்னோ இருக்கக்கூடும். ஜாதகமும் பள்ளிச் சான்றிதழும் முரண்பட்டால், பிறந்தபோதே கணிக்கப்பட்ட ஜாதகத்தையே நான் முதலில் நம்புவேன்.

தமிழ் ஆண்டையும் திதியையும் ஆங்கிலத் தேதியாக்குதல்

ஜாதகத்தில் ஆங்கிலத் தேதி இல்லாமல், தமிழ் வருடம், மாதம், நட்சத்திரம் மட்டுமே இருப்பதுண்டு. தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை என்பதால், எந்தச் சுற்று என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, யுவ வருடம் என்பது 1875, 1935, 1995 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. யுவ வருடம் ஆனி மாதம் பிறந்ததாகச் சொல்லப்படும் பாட்டிக்கு 1955 வாக்கில் திருமணம் நடந்திருந்தால், அவர் பிறந்தது 1935-ஆம் ஆண்டு ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரையிலான ஒரு நாள் என்று கொள்ளலாம். மாதத்தோடு நட்சத்திரமும் தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரே நாளில் போய் நிற்கும். சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் இருமுறை வருவதால், பிறையோ கிழமையோ தெரிந்திருப்பது நல்லது.

இறந்த நாளுக்கும் இதே முறைதான். திவசம் கொடுக்கும் குடும்பங்களில் இறந்த தேதி மறந்துபோயிருக்கும். ஆனால் ஆவணி மாதம் தேய்பிறை சப்தமி என்பது போன்ற திதி தலைமுறை கடந்தும் நினைவில் நிற்கும். ஆண்டு தெரிந்தால் அவ்வாண்டுப் பஞ்சாங்கம் மிச்சத்தைச் சொல்லிவிடும். பழைய பஞ்சாங்கம் கிடைக்காதவர்களுக்கு எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை தயாரித்த கால அட்டவணைகள் பெருந்துணை. கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்கள் வேறொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: 1956 நவம்பர் 1 வரை அப்பகுதி திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிகளில் இருந்ததால், பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதனுடன் 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆவணி தொடங்கி டிசம்பர் முடியும் வரையிலான நாட்களுக்கு 824-ஐக் கூட்ட வேண்டும்.

பிறப்புப் பதிவு

பிறப்பு, குழந்தை பிறந்த இடத்தில்தான் பதியப்படும். குடும்பம் வாழ்ந்த இடத்தில் அன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆகவே மூத்த பிள்ளையின் பிறப்பைத் தகப்பனின் ஊர்ப் பதிவேட்டில் ஆண்டுக்கணக்கில் தேடியும் கிடைக்காமல் போவதற்கு, அது தாய் பிறந்த ஊரில் பதியப்பட்டிருப்பதே மிகப் பல வேளைகளில் காரணம். தாயின் பிறந்த ஊரைக் கேட்டு எழுதிவைப்பது இந்தத் தேடலில் மற்ற எந்தக் குறிப்பைக் காட்டிலும் பயன் தரும். வம்சாவளி எழுதுவோர் ஆண்வழியை ஏழு தலைமுறைக்கு நீட்டிவிட்டு, மணமாகி வந்த பெண்களின் ஊரையும் தகப்பன் பெயரையும் விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. அப்பெண்களின் ஊர்ப் பெயர் தெரியாததால்தான் பிள்ளைகளின் பதிவும் கைக்கு எட்டாமல் போகிறது.

அடுத்து, குழந்தையின் பெயர்ப் பகுதி வெறுமையாக இருக்கும் என்று எதிர்பார்த்தே பதிவேட்டைப் பாருங்கள். பிறப்பைப் பதிந்தது சில நாட்களுக்குள். பெயர் சூட்டியது அதன் பின்னர். பெயரைப் பிறகு சேர்க்கச் சட்டம் இடம் தந்தும், அதற்காகத் திரும்பிப் போனவர்கள் குறைவு. எனவே தேடும்போது பிறந்த நாள், ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாயின் பெயர் என்ற வரிசையில் பொருத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் தேதி ஒன்றிரண்டு நாள் பிசகிச் சொல்லப்பட்டிருக்கலாம். நள்ளிரவுக்குப் பின் பிறந்த குழந்தையைச் சூரிய உதயத்தைக் கொண்டு கணக்கிட்டு முந்திய நாளுக்கு எழுதுவது ஜாதக வழக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தச் சட்டம், எந்த அலுவலகம்

இன்று நடைமுறையில் உள்ளது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அதற்கு முன் சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆனால் பதிவு கட்டாயம் என்ற நிலை எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளின் பதிவேடுகளை அந்தந்த அமைப்பின் சுகாதாரப் பிரிவில் கேட்க வேண்டும். கிராமங்களில் முன்பு கிராம முன்சீப் பதிவு செய்தார். 1980-இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு அந்தப் பணி கிராம நிர்வாக அலுவலருக்கு வந்தது. கிராமப் பதிவேடுகள் அவரிடமிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், அங்கிருந்து நிரந்தரமாக வைத்திருப்பதற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போகும். எனவே தாத்தா காலத்துக் கிராமப் பதிவை, நிலம் பதியும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதில் தடுமாற்றம் வருவது இயல்பு. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிந்தன. கோயம்புத்தூரிலிருந்து 1979-இல் ஈரோடு பிரிந்தது. வட்டங்களும் பதிவு எல்லைகளும் இதைவிட அடிக்கடி மாறியவை. பழைய பத்திரத்தின் தொடக்கத்தில் பதிவு மாவட்டம், சார்பதிவகம், கிராமம் என வரிசையாக எழுதியிருப்பார்கள்; தேட வேண்டிய ஆண்டுக்கு நெருங்கிய பத்திரம் ஒன்றில் அந்த வரியைப் பார்த்தால் போதும்.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பதிவேட்டில் தேடச் சொல்லவும் பதிவின் சான்றிட்ட நகலைப் பெறவும் எவருக்கும் உரிமை தருகிறது. விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, ஊர், தேட வேண்டிய ஆண்டுகள், தகப்பன், தாய் பெயர்கள், உங்களுக்குள்ள உறவு, குடும்ப வரலாற்றுக்காகக் கேட்கிறீர்கள் என்ற நோக்கம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் விதிக்கப்படுவதாலும், தேடித் தருபவரின் உழைப்பைக் கருதியும், மூன்று அல்லது ஐந்து ஆண்டு வரம்புக்குள் சுருக்கிக் கேட்பது நன்று. பதிவு கிடைக்காவிட்டால் அதை எழுத்தில் பெறுங்கள். எந்த ஊரில் எந்த ஆண்டுகளில் பதிவு இல்லை என்பதும் ஆய்வுக்கு ஒரு விடையே. பின்னர் தேடும் உறவினர் அதே வேலையை மீண்டும் செய்யாமல் இருக்கலாம்.

இறப்புப் பதிவுக்கும் இதே அலுவலகங்களும் இதே முறையும்தான். இறப்பின் காரணத்தை நகலில் தர அந்த 17-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. இறந்தவரின் வயதாக எழுதப்பட்டிருப்பது, செய்தி சொன்னவர் குத்துமதிப்பாகச் சொன்ன 60, 70 போன்ற முழு எண்ணாக இருக்கக்கூடும் என்பதால், அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துக் கண்டுபிடித்து முடிவாக எழுதிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்து வேர்கள் உள்ள குடும்பங்களில் அந்தியேட்டி என்னும் ஈமச் சடங்கின்போது அச்சிடும் கல்வெட்டு என்னும் நினைவு மலர், பிறந்த, இறந்த தேதிகளோடு உறவுமுறைகளையும் தருவதால் தவறாமல் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று.

திருமணப் பதிவு

மூன்றிலும் கடினமானது இதுவே. தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாருக்கும் திருமணப் பதிவு கட்டாயமானது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வசதி இருந்தும், வேலைக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ தேவைப்பட்டவர்களே பெரிதும் பதிந்தனர். ஆகவே பாட்டியின் திருமணத்துக்கு அரசுப் பதிவு இல்லையென்றால் அதில் மனம் தளர வேண்டியதில்லை. சமுதாய ஆவணங்களுக்குப் போக வேண்டும். நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்னும் ஆவணம் எழுதப்படுகிறது. அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களுள் உரிய கோயிலிலிருந்து மாலை வருவதால், அக்கோயிலிலும் கேட்டுப் பார்க்கலாம். இசுலாமியர்களின் நிக்காஹ், ஜமாஅத் அல்லது காஜியின் பதிவேட்டில் இருக்கும். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது. அதற்கு முந்தியவற்றுக்கு அழைப்பிதழும் கட்சி இதழ்களில் வந்த மணவிழாச் செய்தியுமே ஆதாரமாகும்.

தேவாலயப் பதிவேடுகள்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அரசுப் பதிவை விடத் தேவாலயப் பதிவேடே ஆழமானது. கத்தோலிக்கப் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் பெற்றோருடன் ஞானப் பெற்றோரின் பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் என்பதால் அதுவே அடுத்த கிளைக்கு வழிகாட்டும். பிற்காலத்தில் அவர் வேறு பங்கில் மணம் செய்திருந்தால், அந்தக் குறிப்பும் திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடும். பழைய பக்கங்கள் இலத்தீனில் இருப்பதால் அந்தோணி அந்தோனியுஸ் என்றும், யாகப்பன் யாக்கோபுஸ் என்றும் வரும். அத்தை மகள், மாமன் மகன் என உறவுக்குள் நடந்த திருமணங்களுக்குச் சபையின் விலக்கு தேவைப்பட்டது; எந்தப் படிநிலை உறவுக்காக விலக்கு அளிக்கப்பட்டது என்ற குறிப்பு கிடைத்தால், இரு குடும்பங்களின் பொதுப் பாட்டன் யார் என்பதே தெளிந்துவிடும். சீர்திருத்தச் சபைகளில் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எழுதப்பட்ட பதிவேடுகளைத் தேடலாம். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்குச் சென்னைத் திருச்சபைப் பதிவுகளின் பிரதிகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்களுள் உள்ளன. ஆலயத்துக்குப் போகுமுன் பங்குத்தந்தைக்கோ ஆயருக்கோ கடிதம் எழுதி நாள் கேட்டுக்கொள்வது மரியாதை; பூச்சி அரித்த ஏட்டை அவர்கள் காட்டும் முறையிலேயே புரட்ட வேண்டும்.

புதுச்சேரியும் கடல் கடந்தவர்களும்

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் குடிமைப் பதிவேட்டில் எழுதப்பட்டன. பழைய ஏடுகளின் படிமங்களைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்சு நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு மாறியவர்கள் நிலையான குடும்பப் பெயர் ஒன்றை ஏற்றதால், அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஒரே மனிதர் இரு பெயர்களில் வருவார்.

ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போனவர்களின் சந்ததியினர், அங்கிருந்து இங்கு நோக்கித் தேட வேண்டும். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை சென்றவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவை எழுதப்பட்டன. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்து, அதே வட்டத்தின் வருவாய்க் கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒலியால் பொருந்தும் ஊர்கள் இரண்டு மூன்று கிடைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உரிய சார்பதிவாளர் அலுவலகம் எது என்று குறித்துக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்ட சகோதரர்களின் பிள்ளைகளுடைய பதிவுகளையும் பத்திரங்களையும் அந்தத் தகப்பன் பெயரைக் கொண்டு கேட்கத் தொடங்கலாம்.