பேரக் குழந்தையோடு இலையுதிர் கால நடை: பெரியவர்கள் செய்யும் தவறுகள்

"அந்தக் குளம் வரை போய்த் திரும்பலாம்" என்று இலக்கு வைத்துக்கொண்டு கிளம்புவதுதான் பெரிய தவறு. இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குக் குளம் முக்கியமில்லை. வாசலைத் தாண்டிய பத்தாவது அடியிலேயே சருகுக் குவியல் கிடைத்துவிட்டால் அன்றைய நடை அதோடு முடிந்தது. பெரியவர்கள் வேளையும் தூரமும் கணக்குப் பார்த்து "வா, வா" என்று இழுக்கிறார்கள். குழந்தை உட்கார்ந்து அழுகிறது. தூரத்தை விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் என்று மட்டும் முடிவு செய்யுங்கள். போன தூரம் அளவுக்குத் திரும்பியும் வரவேண்டும், அதில் பாதியாவது குழந்தையை நீங்கள் தூக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இழுப்பது என்றதும் இன்னொன்று. மழையில் நனைந்த இலை விழுந்த பாதை நன்றாகவே வழுக்கும். குழந்தை சறுக்கும்போது பிடித்திருக்கும் கையை வெடுக்கென்று மேலே இழுப்பது எல்லோருக்கும் தன்னிச்சையாக வருவதுதான். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு, முக்கியமாக ஒன்றிலிருந்து நான்கு வயது வரை, இப்படி இழுத்தால் முழங்கையில் எலும்பு லேசாகப் பிசகிவிடும். அப்புறம் குழந்தை அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டபடி இருக்கும். மருத்துவர் நொடியில் சரிசெய்துவிடுவார், வீட்டில் நாமே முயல வேண்டாம். தூக்குவதானால் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். குழந்தை பொத்தென்று உட்கார்ந்தால் உட்காரட்டும், சருகு மெத்தைதானே. விழக்கூடாதவர் நீங்கள்தான், அடிப்பாகம் தேய்ந்த செருப்போடு கிளம்பாதீர்கள்.

உடையில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தனக்குக் குளிர்கிறது என்று பாட்டி நாலு ஸ்வெட்டர் மாட்டிவிடுவார், ஓடியாடும் குழந்தை உள்ளே வியர்த்து நனைந்துவிடும். தள்ளுவண்டியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையோ, நடந்து சூடேறிய தாத்தாவுக்குத் தெரியாமலே குளிரில் விறைத்திருக்கும். கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குழந்தைகளின் கை எப்போதுமே சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஒரே தடித்த உடையைவிட, கழற்றி மாட்ட வசதியாக மெல்லிய உடைகள் இரண்டு மூன்று இருப்பது மேல். மேலே போடும் ஜாக்கெட் பழுப்பிலோ ஆரஞ்சிலோ வேண்டாம், இலைகளுக்கு நடுவே குழந்தை கண்ணுக்குப் படாது. பளிச்சென்ற நீலம் போடுங்கள்.

சாலையோரம் கூட்டிக் குவித்த சருகில் குதிக்க விடவே கூடாது. உள்ளே குழந்தை இருப்பது வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது. மாலையும் சீக்கிரம் இருட்டிவிடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கும் நாடுகளில், அந்த வாரம் நேற்று வெளிச்சமாக இருந்த நேரம் இன்று இருட்டாக இருக்கும். மதியத் தூக்கம் முடிந்ததுமே போய்விடுங்கள்.

சரி, வாய்க்குப் போகும் பொருள்கள். இங்கேதான் எனக்குக் கண்டிப்பு அதிகம். ஓக் மரக் கொட்டை போன்ற உருண்டைகள் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஹார்ஸ் செஸ்ட்நட் கொட்டை பார்க்கச் சாப்பிடும் செஸ்ட்நட் மாதிரியே மினுமினுக்கும், ஆனால் நச்சு. சாப்பிடக்கூடியதன் மேல்தோலில் முட்கள் ஊசி போல நெருக்கமாக இருக்கும். மற்றதில் தடித்த முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். யூ (yew) என்ற ஊசியிலை மரத்தின் சிவப்புப் பழத்துக்குள் இருக்கும் விதை கொடிய விஷம். காளானைத் தொட்டாலே ஆபத்து என்று பதறத் தேவையில்லை, விழுங்கினால்தான் ஆபத்து. டெத் கேப் என்ற காளானில் அறிகுறி தெரியவே பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் "நல்லாத்தானே விளையாடுது" என்று காத்திருக்காமல், மிச்சத் துண்டை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குளிர் வந்தால் உண்ணி போய்விடும் என்பதும் தப்பு. உறைநிலைக்கு மேலே இருக்கும் நாட்களில் அது சருகிலும் புல்லிலும் திரியும். வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெய் தடவுவதோ சூடு வைப்பதோ கூடாது. நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள்.

"குளிர்ந்ததால் இலை சிவந்தது" என்று குழந்தைக்குச் சொல்வதும் அரைகுறைதான். பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்துகிறது. முன்பே உள்ளே இருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் சில மரங்கள் அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாக்குவது. குழந்தை கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பாடம் நடத்த வேண்டாம்.

கொண்டுவந்த இலைகளை ஈரத்தோடு பையிலேயே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகத்தை வையுங்கள். ஓக் கொட்டைகளைக் கிண்ணத்தில் போட்டுவைத்தால் சில நாளில் சின்ன ஓட்டை போட்டுக்கொண்டு வெள்ளைப் புழு ஒன்று வெளியே வரலாம். அது ஒரு வண்டின் புழு, கடிக்காது. நீங்கள் அலறாத வரை குழந்தையும் அலறாது.