வெளிநாட்டுப் பயணத்தில் போன் இணைப்பு: எங்கே சறுக்குகிறோம்?

வெளிநாடு கிளம்பும்போது போன் விஷயத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, "எது மலிவு?" என்றுதான். சொந்த சிம்மையே வெளிநாட்டு நெட்வொர்க்கில் ஓட்டும் ரோமிங் பேக்கா, போய் இறங்கியதும் உள்ளூர் சிம்மா, பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனிலேயே இறக்கிக்கொள்ளும் இ-சிம்மா? விலை பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, அங்கே உங்களுக்குத் தேவைப்படப்போவது உங்கள் எண்ணா, இன்டர்நெட்டா என்பதைத்தான். வங்கியின் ஓடிபி எண்ணுக்கு வருகிறது. மேப்பும் வாட்ஸ்அப்பும் டாக்ஸி ஆப்பும் டேட்டாவில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே போனில் இருப்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உள்ளூர் சிம் வாங்கிய கையோடு பழைய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் ரயில் டிக்கெட்டுக்குக் கார்டில் பணம் கட்டப் போவீர்கள், ஓடிபி கேட்கும், அது வரவேண்டிய சிம் பர்ஸில் கிடக்கும். ஆகவே சொந்த சிம் போனிலேயே இருக்கட்டும். ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் காசு வாங்குவதில்லை. ஆனால் கணக்கில் ரோமிங் வசதியைத் திறக்காமல் கிளம்பினால், அந்த சிம் அங்கே எந்த நெட்வொர்க்கையும் பிடிக்காது. அதை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். ப்ரீபெய்ட் என்றால் திரும்பி வரும்வரை வேலிடிட்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு சிம் ஓடும் போனில் செட்டிங்ஸ் இப்படி இருக்க வேண்டும். சொந்த சிம்: லைன் ஆன், டேட்டா ரோமிங் ஆஃப். பயண சிம் (பயணத்துக்கென்று வாங்கிய உள்ளூர் சிம் அல்லது இ-சிம்): மொபைல் டேட்டாவுக்கு இதுதான் என்று தேர்வு செய்திருக்க வேண்டும். இதோடு, ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாக இன்னொரு சிம்மின் டேட்டாவுக்குத் தாவும் வசதி ஒன்று பல போன்களில் உண்டு. உள்ளூரில் அது உபகாரம். வெளிநாட்டில் பில்லை ஏற்றிவிடும். மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

இங்கேதான் இன்னொரு குழப்பம் வருகிறது. "டேட்டா ரோமிங்கைத் தொடவே கூடாது" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, பயண இ-சிம்மிலும் அதை ஆஃப் செய்துவைத்துவிட்டு, நெட் வரவில்லையே என்று விமான நிலையத்தில் திண்டாடுகிறவர்கள் நிறைய பேர். பயணிகளுக்கென்று விற்கப்படும் இ-சிம்களில் பெரும்பாலானவை வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்கள். நீங்கள் போகும் நாட்டில் அவையே ரோமிங்கில்தான் ஓடுகின்றன. அந்த லைனுக்கு ரோமிங்கை ஆன் செய்தே ஆக வேண்டும். சொந்த சிம்முக்கு ஆஃப், பயண சிம்முக்கு ஆன், அவ்வளவுதான்.

எடுக்காத அழைப்புகளைக் குரல் செய்தியாகப் பதிவு செய்யும் வாய்ஸ்மெயில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். யாரோ உங்களை அழைக்கிறார்கள், நீங்கள் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த அழைப்பு நீங்கள் இருக்கும் நாடு வரை வந்து, அங்கிருந்து மறுபடி சொந்த நாட்டு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பிப் போகும். சில நிறுவனங்கள் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு சர்வதேச அழைப்பாகக் கணக்குப் போடும், நீங்கள் போனைத் தொடாமலேயே. புறப்படும் முன், அழைப்பை இப்படி வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங்கை நிறுத்திவிடுவது நல்லது.

சரி, இ-சிம் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது போன் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் லாக் ஆகியிருக்கிறதா என்பது. தவணையில் வாங்கிய போன்கள், குறிப்பாக நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு வந்தவை, வேறு சிம்மை ஏற்காமல் போகலாம். அப்புறம், போனில் இ-சிம் வசதி இருக்க வேண்டும். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து இது உண்டு. ஆனால் சீனாவில் விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை இரண்டு பிளாஸ்டிக் சிம்மோடு வந்தவை, இ-சிம் இல்லாதவை. மாடல் பெயரை நம்பி வாங்காதீர்கள். *#06# என்று அடித்துப் பாருங்கள். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணோடு, இ-சிம்முக்கான இஐடி என்று 32 இலக்க எண் ஒன்று வந்தால் வசதி இருக்கிறது.

இ-சிம்மைப் போனில் இறக்குவதற்கே இன்டர்நெட் வேண்டும் என்பதைப் பலர் அங்கே போய்த்தான் கண்டுபிடிக்கிறார்கள். கியூஆர் கோடு மெயிலில் வந்திருக்கும். அதே போனின் திரையில் இருக்கும் கோடை அதே போனின் கேமராவால் எப்படி ஸ்கேன் செய்வது? வீட்டு வைஃபையிலேயே, இன்னொரு திரையில் கோடைத் திறந்து வைத்துக்கொண்டு, நிதானமாக இறக்கிவிடுங்கள். ஆனால் நாட்கணக்கு எப்போது தொடங்கும் என்பதை முதலில் படியுங்கள். சில திட்டங்களில் இறக்கியதுமே தொடங்கும், சிலவற்றில் வெளிநாட்டு நெட்வொர்க்கைப் பிடித்த பிறகுதான். எக்காரணம் கொண்டும் நடுவழியில் அதை டெலீட் செய்யாதீர்கள். ஒரு முறை பயன்படுத்திய கோடு மறுமுறை பெரும்பாலும் வேலை செய்யாது.

"அன்லிமிடெட்" என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு அடிக்குறிப்பைத் தேடத் தோன்றும். ஒரு நாளைக்கு இவ்வளவு ஜிபி வரைதான் முழு வேகம், அதற்கு மேல் மெசேஜ் போகும் அளவுக்குத்தான் என்று அங்கே எழுதியிருக்கும். ஹாட்ஸ்பாட் கிடையாது என்றும் இருக்கலாம். எவ்வளவு வாங்கினாலும், எடுக்கும் போட்டோ, வீடியோவையெல்லாம் போன் தானாக கிளவுடில் ஏற்றிக்கொண்டே இருந்தால் பேக் தாங்காது. அதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

என் கணக்கு இது: ஓரிரு நாள் பயணத்துக்கு ரோமிங் பேக்கே போதும், தலைவலி மிச்சம். வாரக்கணக்கில் என்றால் இ-சிம். மாதக்கணக்கில் தங்கினால், அங்கே வீடு பார்க்கவும் அலுவலகங்களில் பதியவும் உள்ளூர் எண் இல்லாமல் நகர முடியாது. பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம்தான். துருக்கி போன்ற நாடுகளில் அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. வெளியே வாங்கிய போனில் துருக்கி சிம்மைப் போட்டால் 120 நாளைக்குப் பிறகு, போனைப் பதிவு செய்யாவிட்டால், நெட்வொர்க் துண்டிக்கப்படும்.

ஆனால் சீனா போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். கூகுள், வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு அங்கே தடை. ரோமிங்கில் உங்கள் டேட்டா பெரும்பாலும் சிம் கொடுத்த நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குப் போய், அங்கிருந்துதான் இன்டர்நெட்டுக்குள் நுழைகிறது. அதனால் வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் கூகுளும் வாட்ஸ்அப்பும் பொதுவாக வேலை செய்யும். சீன சிம்மிலோ ஹோட்டல் வைஃபையிலோ தடைக்குள் மாட்டிக்கொள்வீர்கள். மலிவு என்று உள்ளூர் சிம்மை வாங்கிவிட்டு, வீட்டுக்கு மெசேஜ் அனுப்ப முடியாமல் நிற்பது அங்கே சகஜம்.

பழைய போன் வைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இல் 3ஜி சேவையை மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் 2024-இல் மூடப்பட்டது. அங்கெல்லாம் சாதாரண போன் அழைப்புக்கு வோல்டே, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, வேண்டும். அது ஒத்துவராத போனில் நெட் ஓடினாலும் அழைப்பு போகாமல் போகலாம்.

ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் சிம்மை மற்ற ஒன்றிய நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற விதி 2017 ஜூனிலிருந்து இருக்கிறது. நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைனுக்கும் அது பொருந்தும். நடுவில் உட்கார்ந்திருக்கும் சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது, பிரிட்டனுக்கும் இப்போது இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே இவற்றைச் சேர்த்துக் கொடுக்கும். வாங்கும்போதே பட்டியலைப் பாருங்கள். ஜெனீவா, பாசல் பக்கம் எல்லையை ஒட்டிய பிரெஞ்சு ஊர்களில் தங்கினாலும் போன் சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்வு செய்து வையுங்கள்.

கப்பல் இதைவிட மோசம். கரையை விட்டு விலகியதும் கப்பலிலேயே இருக்கும் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க்கைப் போன் பிடித்துக்கொள்ளும். அது எந்த நாட்டுக் கணக்கிலும் வராததால் வழக்கமான ரோமிங் பேக்கில் சேராது, கட்டணமோ எக்கச்சக்கம். இரவு முழுக்க ஓடும் சில பயணிகள் படகுகளிலும் இது உண்டு. ஏறியதும் ஏர்பிளேன் மோடு போட்டுவிட்டு, வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளுங்கள்.