ஹார்டிங்டன் பக்கம் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

இங்கிலாந்து கிராமம்னு சொன்னா பாதி பேர் நேரா காட்ஸ்வோல்ட்ஸுக்கு கிளம்பிடறாங்க, அங்க போனா கார் பார்க்கிங்குக்கே அரை நாள் போகுது. என்னக் கேட்டா, நடையும் சைக்கிளும் ஒண்ணா வேணும்னா பீக் டிஸ்ட்ரிக்ட்ல இருக்கற ஹார்டிங்டன் மாதிரி ஊர்தான் சரி. டெர்பிஷயர்ல பக்ஸ்டனுக்கும் ஆஷ்போர்னுக்கும் நடுவுல இருக்கு. ஊர் நடுவுல வாத்துக் குளம், பக்கத்துலயே சீஸ் கடை, பப், மேற்கால டவ் ஆறு, கிழக்கால மேட்டு மேல ரயில் போன பழைய தடம், அது இப்ப சைக்கிள் பாதை. சின்ன ஊர்தான், ஆனா அங்க போயும் நாளை வீணாக்கறவங்க இருக்காங்க. எல்லாரும் பண்ற தப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான்: ஃபோன்ல எத்தன கிலோமீட்டர்னு மட்டும் பாத்துட்டு கிளம்பறது, அந்தப் பாதை யாருக்கானது, எவ்வளவு ஏறுதுன்னு பாக்கறதில்ல.

முதல்ல மேப். ஃபோன் மேப் ரோட்டுக்கு ஓகே, வயலுக்குள்ள இறங்கினா அதுக்கு ஒண்ணும் தெரியாது. இங்க எல்லாரும் வச்சிருக்கறது ஓஎஸ் மேப், அதாவது ஆர்ட்னன்ஸ் சர்வேங்கற அரசாங்க சர்வே அமைப்பு போடற மேப், அதுலயும் ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர், 1:25,000 அளவு, ஒவ்வொரு சுவரும் வேலியும் அதுல இருக்கும். ஹார்டிங்டனுக்கு ஓஎல்24, ஒயிட் பீக் ஷீட். பிங்க் அட்டை லேண்ட்ரேஞ்சர் வாங்கிடாதீங்க, அது 1:50,000, நீளமா சைக்கிள் ட்ரிப் பிளான் பண்ண நல்லாருக்கும், ஆனா வயல்ல நிக்கும்போது சுவத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு அதுல தெரியாது. பேப்பர் மேப் வாங்கினாலே அதே மேப்ப ஃபோன்ல இறக்கிக்கறதுக்கான ரகசிய எண்ணும் கூடவே வருது, மேப்ப வீட்டு வைஃபைலயே இறக்கி வச்சுக்கோங்க, ஏன்னா பள்ளத்தாக்குக்குள்ள பல இடத்துல சிக்னல் சுத்தமா கிடையாது.

மேப் வாங்கினா மட்டும் போதாது, அதுல இருக்கற கோடு என்ன சொல்லுதுன்னு தெரியணும். எக்ஸ்ப்ளோரர்ல பச்சை நிறத்துல சின்னச் சின்ன கோடா போனா ஃபுட்பாத், நீள நீளக் கோடா போனா பிரைடில்வே. ஃபுட்பாத் நடக்கறவங்களுக்கு மட்டும். பிரைடில்வேல நடக்கலாம், குதிரைல போகலாம், சைக்கிளும் ஓட்டலாம், அந்த சைக்கிள் உரிமை 1968ல வந்த சட்டத்துலதான் கிடைச்சது, அதுலயும் நடக்கறவங்களுக்கும் குதிரைக்கும் நாமதான் வழி விடணும். கறுப்புக் கோடு போட்ட பாதைன்னா தரையில பாதை இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், அதுல போக உரிமை இருக்குன்னு அர்த்தம் இல்ல. இன்னும் மோசம் கறுப்புப் புள்ளி வரிசை, அது பாதையே கிடையாது, ஊராட்சி எல்லை மாதிரி பாரிஷ் எல்லை, அத நம்பி நடந்தா சுவத்துல போய் முட்டி நிப்பீங்க. நேர்ல பாக்கும்போது கம்பத்துல அம்புக்குறி இருக்கும், மஞ்சள்னா ஃபுட்பாத், நீலம்னா பிரைடில்வே. மஞ்சள் அம்புல சைக்கிள் ஓட்டினா போலீஸ் கேஸெல்லாம் ஆகாது, ஆனா நிலத்துக்காரர் வந்து திருப்பி அனுப்பினா அவர் பக்கம்தான் நியாயம்.

மேப்ல மஞ்சளா பூசின இடமெல்லாம் ஆக்சஸ் லேண்ட், 2000ல வந்த சட்டப்படி அங்க பாதைய விட்டு இறங்கி இஷ்டத்துக்கு நடக்கலாம். நடக்கலாம், அவ்வளவுதான், சைக்கிள் கிடையாது, கூடாரம் போட்டு தங்கறதும் கிடையாது. ஸ்காட்லாந்துல எங்க வேணா கேம்ப் போடலாமேன்னு யாராவது சொல்வாங்க, அது அந்த ஊர் சட்டம். இந்த நடக்கற உரிமையே சும்மா வந்ததில்ல. இதே பீக் டிஸ்ட்ரிக்ட்ல வடக்கால இருக்கற கிண்டர் ஸ்கவுட் மேட்டுல 1932 ஏப்ரல் 24ஆம் தேதி நூத்துக்கணக்கான தொழிலாளிங்க வேணும்னே அத்துமீறி ஏறினாங்க, அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. 1951ல நாட்டோட முதல் தேசியப் பூங்காவா அறிவிச்சதும் இந்த இடத்தத்தான்.

பயிர் நடுவுல பாதை போகும்போது எல்லாரும் ஒரு தப்பு பண்றாங்க, அதுவும் நல்ல மனசோடதான். பயிர மிதிக்கக் கூடாதுன்னு வரப்போரமா சுத்திப் போறாங்க. ஆனா உரிமை இருக்கறது மேப்ல போட்ட அந்த நேர்கோட்டுல மட்டும்தான், வரப்புல இல்ல, பாதைய நடக்கற மாதிரி வச்சிருக்க வேண்டியது விவசாயியோட பொறுப்பு. ஒத்தையா வரிசையா நேரா போங்க.

இப்ப சைக்கிள். முன்னாடி சொன்ன பழைய ரயில் தடத்துக்கு இப்ப டிஸ்ஸிங்டன் ட்ரெயில்னு பேர், ஹார்டிங்டன்ல ரூம் போட்டா அது வாசல்லயே இருக்கும்னு நினைக்காதீங்க. ஊர் பள்ளத்துல இருக்கு, ரயில் பாதை மேட்டு மேல இருக்கு, ஹார்டிங்டன் ஸ்டேஷன்னு பேர் போட்ட இடமே ஊர்லேர்ந்து கிட்டத்தட்ட ரெண்டு மைல் ஏத்தம், அங்க பழைய சிக்னல் பாக்ஸ் இன்னும் நிக்குது. காலைல எந்திரிச்சதும் அந்த ஏத்தம்தான் முதல் வேலை, திரும்பி வரும்போது இறக்கம், அது ஒரு ஆறுதல். சைக்கிள் இல்லாதவங்க இன்னும் வடக்கால பார்ஸ்லி ஹேல வாடகைக்கு எடுக்கலாம். இந்த லைன் 1899ல திறந்தது, ரயில் நின்னு போன அப்புறம் 1971ல ட்ரெயிலா மாத்தினாங்க, பார்ஸ்லி ஹேலேர்ந்து ஆஷ்போர்ன் வரைக்கும் 13 மைல், அதாவது 21 கிலோமீட்டர்.

அந்த 13 மைல்லதான் சிக்கல். பார்ஸ்லி ஹே உசரம், ஆஷ்போர்ன் தாழ்வு. ரயில் சாய்வுங்கறதால கண்ணுக்குத் தெரியாது, பெடலே மிதிக்காத மாதிரி ஜாலியா போகும், நமக்கு நல்ல ஸ்டாமினா இருக்குன்னு தோணும், ஆஷ்போர்ன்ல கேக்கும் டீயும் முடிச்சுட்டு திரும்பினா அதே சாய்வு இப்ப எதிர்ல நிக்குது, எதிர்காத்தும் சேந்துட்டா குழந்தைங்களோட வந்தவங்க பாடு ரொம்ப கஷ்டம். ஆஷ்போர்ன்ல ஆரம்பிச்சு மேல போங்க, களைச்சா அங்கயே திரும்புங்க, வீட்டுக்கு வர்ற வழி பூரா இறக்கம். ஹார்டிங்டன்லயே தங்கறவங்க டிஸ்ஸிங்டன் கிராமம் வரைக்கும் போய் திரும்பினா தாராளம்.

ரயில் பாதைன்னா எல்லாமே சமதளம்னு முடிவு பண்றதும் தப்பு. பார்ஸ்லி ஹே பக்கத்துல வந்து சேர்ற ஹை பீக் ட்ரெயில் இன்னும் பழசு, 1831ல திறந்த ரயில் பாதை, குதிரை வண்டி காலத்து யோசனைல போட்டது. மேட்டுல வேகன்கள கயிறு கட்டி நீராவி எஞ்சின் வச்சு இழுத்தாங்க. கிராம்ஃபோர்ட் பக்கம் போனா மிடில்டன் இன்க்ளைன்னு ஒரு சரிவு, எட்டடிக்கு ஒரு அடி இறங்குது. சரளைக் கல்லு வேற, அங்க இறங்கி தள்ளிட்டுப் போறதுதான் புத்தி. பிரேக் பிடிச்சுக்கலாம்னு நம்பி விடாதீங்க.

ட்ரெயில விட்டு ரோட்டுக்கு வந்தா வேற உலகம். வெள்ளை வட்டத்துல கறுப்பு கோடு குறுக்க போட்ட போர்டு பாத்தீங்கன்னா வேகக் கட்டுப்பாடு இல்லன்னு அர்த்தம் இல்ல, நடுவுல தடுப்பு இல்லாத ஒத்தை ரோட்டுல காருக்கு மணிக்கு 60 மைல், அதாவது கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர், அதுவும் ரெண்டு பக்கமும் கல்சுவர் எழுப்பின சந்து மாதிரி ரோட்டுல. சைக்கிள்ல இடது ஓரம், ஆனா சுவத்த ஒட்டியே போகாதீங்க, கொஞ்சம் உள்ள தள்ளி ஓட்டினாத்தான் பின்னாடி வர்றவருக்கு நீங்க கண்ல படுவீங்க. நடக்கறவங்க நடைபாதை இல்லாத ரோட்டுல வலது பக்கம், வர்ற வண்டியப் பாத்து நடக்கணும், வலப்பக்கம் திரும்பற கண்ணு மறைக்கற வளைவுல மட்டும் எதிர்ப்பக்கம் தாண்டிக்கோங்க. இருட்டின அப்புறம் முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு லைட் இல்லாம ஓட்டினா சட்டப்படி குத்தம்.

மாட்ட லேசா எடுத்துக்காதீங்க. நம்ம ஆளுங்களுக்கு மாடுன்னா பயம் இல்ல, தட்டிக் கொடுத்துட்டு போற பழக்கம், ஆனா இங்க மேயற மாடு மனுஷங்களோட ஒட்டி வளர்ந்தது இல்ல, கன்னுக்குட்டியோட இருக்கும்போது திடீர்னு கூட்டமா வரும், இந்த நாட்டுல மாடு மிதிச்சு ஆளுங்க செத்திருக்காங்க. கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல போகாதீங்க, மெதுவா சுத்திப் போங்க, ஓடாதீங்க. நாய் இருந்தா கயித்துல, மாடு துரத்தி வந்தா மட்டும் கயித்த விட்டுடுங்க, மாட்டுக்கு ஆத்திரம் நாய் மேலதான், நாய் ஓடித் தப்பிச்சுக்கும். ஃபுட்பாத் போற வயல்ல பால் மாட்டு இனத்துக் காளைய, 10 மாசத்துக்கு மேல ஆச்சுன்னா, விடக் கூடாது, ஆனா மத்த இனக் காளைய பசுக்களோட சேத்து விடலாம், அதனால காளையப் பாத்ததும் புகார் பண்ண ஃபோன எடுக்காதீங்க. ஆக்சஸ் லேண்ட்ல மார்ச் 1லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் நாய கட்டாயம் குட்டைக் கயித்துல வச்சிருக்கணும், தரையில கூடு கட்டற பறவைங்களுக்காக.

கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விடுங்க. திறந்திருந்த கேட்ட நல்லது பண்றதா நினைச்சு மூடினீங்கன்னா ஆடு தண்ணிக்குப் போக முடியாம நிக்கும். கல்சுவர் மேல ஏறாதீங்க, சிமென்ட் இல்லாம அடுக்கினது, ஒரு கல்லு சரிஞ்சா பின்னாடியே பத்து வரும். தாண்டறதுக்கு படியோ, ரெண்டு கல்லுக்கு நடுவுல ஒடுக்கமா சந்தோ இருக்கும். பெரிய பை மாட்டிட்டு வந்தீங்கன்னா அந்த சந்துல சிக்கிக்குவீங்க, முன்னாடியே கழட்டிடுங்க.

நடைக்கு ஹார்டிங்டன்லேர்ந்து ஆத்தோரமா பெரெஸ்ஃபோர்ட் டேல், உல்ஃப்ஸ்கோட் டேல், மில்டேல், அப்புறம் டவ்டேல்ல ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ், இதுதான் ராஜா. ஆனா போக மட்டும் சுமார் 7 மைல், அங்க போய் ஃபோட்டோ எடுத்துட்டு நிமிந்து பாத்தா திரும்பவும் 7 மைல் இருக்கு. மில்டேலுக்குக் கீழ ஆத்தோரப் பாதை நடக்கறவங்களுக்கு மட்டும், சைக்கிள கொண்டு போகாதீங்க. நேரக் கணக்குக்கு 1892ல வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது இன்னும் உதவுது, மணிக்கு 3 மைல், 1,000 அடி ஏத்தத்துக்கு கூட அரை மணி. அது திடமானவங்க நிக்காம நடக்கற வேகம், சேறு, கேட், சாப்பாடு எதுவும் அதுல சேரல, அதனால ஒன்றரை மடங்கு போட்டுக்கோங்க. சுண்ணாம்புக் கல்லு பல கால் பட்டு வழவழன்னு ஆயிருக்கு, மழையில ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு வந்தா வழுக்கும். நல்ல மழை பெஞ்சா ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ் தண்ணிக்குள்ள போயிடும், அப்ப குதிச்சுத் தாண்டப் பாக்காதீங்க, கொஞ்ச தூரத்துல நடைபாலம் இருக்கு.

சாப்பாடு விஷயத்துல ஏமாறாதீங்க. பப் திறந்திருக்கும், ஆனா கிச்சன் மதியம் ரெண்டு, ரெண்டரைக்கு மூடி சாயங்காலம் ஆறு வாக்குலதான் திறக்கற இடம் நிறைய, மூணு மணிக்கு பசியோட போனா சிப்ஸ் பாக்கெட்தான். கிராமத்து பஸ்ஸும் அப்படித்தான், ஞாயித்துக்கிழமை டைம்டேபிள் வேற, கடைசி பஸ் சீக்கிரம் போயிடும், முன்னாடி நாளே பாத்து எழுதி வச்சுக்கோங்க. டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் இறங்கிடும், ஜூன்ல ஒம்பதரை வரைக்கும் வெளிச்சம். கோடைல பாத்த ரூட்ட குளிர்காலத்துல அப்படியே பண்ணப் போனா பாதி வழில டார்ச் தேடணும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஃபோன்லேர்ந்து இங்கத்த அவசர உதவி எண் 999க்கு ஆங்கிலத்துல ரெஜிஸ்டர்னு ஒரே வார்த்தை மெசேஜ் அனுப்பி, வர்ற பதிலுக்கு யெஸ்னு சொல்லிடுங்க. அதுக்கப்புறம் பேச சிக்னல் பத்தாத இடத்துலயும் மெசேஜ்ல உதவி கேக்கலாம். கால் உடைஞ்சு மேட்டுல கிடந்தா முதல்ல போலீஸக் கேட்டு, அவங்கள வச்சு மவுண்டன் ரெஸ்க்யூ, அதாவது மலை மீட்புக் குழுவ கூப்பிடணும், இடத்துக்கு மேப்ல இருக்கற கட்டத்தோட எண், அதாவது கிரிட் நம்பர் சொல்லணும், போஸ்ட்கோட் சொன்னா அது இங்க மைல் கணக்குல பரந்து கிடக்கும்.

ராத்திரி ரூமுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னாடி, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கான்னு பாருங்க. இருந்தா எண்ணெய் ஊத்தறது, நெருப்பு வைக்கறதெல்லாம் வேண்டாம், கூர்மையான ட்வீசரால தோல ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க. அடுத்த சில வாரத்துல கடிச்ச இடத்த சுத்தி வட்டமா சிவந்து பரவினா லைம் நோயா இருக்கலாம், டாக்டர்கிட்ட போகும்போது நடக்கப் போன இடத்தையும் சேத்து சொல்லுங்க.