கேம் கண்ட்ரோலரில் தேய்ந்த ஸ்டிக்கை நாமே மாற்றலாம்

போன வாரம் அக்கா மகன் கண்ட்ரோலரைக் கொண்டுவந்து நீட்டினான். "மாமா, நான் தொடவே இல்ல, ஆள் தானா இடப்பக்கம் நடக்குறான்." மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கேட்டதற்குப் புதுசு வாங்கிக்கொள் என்றார்களாம். பாகத்தின் விலை சில வெள்ளிதான். ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் முடியும் வேலை. அவனுடையது பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4. கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

ஏன் இப்படி ஆகிறது? ஆளை நடத்தக் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டிகள் பொட்டன்ஷியோமீட்டர்கள். ஒன்று மேல்கீழ் அசைவை அளக்கும், இன்னொன்று இடவலம். உள்ளே கார்பன் பூசிய பாதையின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே ஓடுகிறது. பாதை தேய்ந்தால், விரல் எடுத்த பிறகும் அளவு நடுவுக்குத் திரும்பாது.

அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். முதலில் ஸ்டிக்கைச் சாய்த்து, இடுக்கில் கொஞ்சம் காண்டாக்ட் கிளீனர் (மின் பாகங்களைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து நன்றாகச் சுழற்றுங்கள். வெறும் தூசி என்றால் அதோடு போய்விடும். சில நாளில் மறுபடி வந்தால் தேய்மானம்தான்.

வேண்டியவை: சின்ன பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன் (பற்றவைக்கும் சூட்டுக்கோல்), ஈயம் கலந்த சால்டர் கம்பி (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்), ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை), சால்டர் உறிஞ்சும் பம்ப், சின்னக் கட்டர், இடுக்கி, பல்குச்சி, டூயல்ஷாக் 4-க்கான புது ஸ்டிக். ஸ்க்ரூ போட ஒரு மைலோ டின் மூடி. மேசையில் அப்படியே வைத்தால் உருண்டு ஓடிவிடும். அப்புறம் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான்.

பின்பக்கம் நான்கு ஸ்க்ரூ. கழற்றிவிட்டு, கைப்பிடிப் பக்கத்திலிருந்து மெதுவாகப் பிரியுங்கள். எல்2, ஆர்2 பட்டன்களின் குட்டி ஸ்பிரிங் துள்ளி ஓடும், கவனம். இரண்டு பாதியையும் ஒரு பட்டைக் கேபிள் இணைத்திருக்கும். வெடுக்கென்று இழுக்காமல் அதைக் கழற்றுங்கள். அடுத்தது பேட்டரியின் இணைப்பு. இது கழன்ற பிறகுதான் மற்ற எதையும் தொட வேண்டும். பேட்டரியை எடுத்து, அதன் தட்டை விலக்கினால் நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதையும் எடுத்தால் சர்க்யூட் போர்டு மேலே வரும். அதிர்வு மோட்டார்களின் வயர் போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் அவையும் கூடவே வரும். ஸ்டிக்கின் ரப்பர் தொப்பியை மேல்நோக்கி இழுத்தால் போதும்.

இனிமேல்தான் வேலையே. ஒரு ஸ்டிக்கைப் போர்டில் 14 கால்கள் பிடித்திருக்கின்றன: பொட்டன்ஷியோமீட்டர்களுக்கு ஆறு, ஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் வேலை செய்யும் எல்3 சுவிட்சுக்கு நான்கு, உலோகக் கூட்டுக்கு நான்கு. புதிதாகச் செய்கிறவர்கள் 14-ஐயும் ஒரே நேரத்தில் உருக்கப் பார்த்து, வராதபோது நெம்புவார்கள். அங்கேதான் போர்டு சாகிறது. அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையில் இருந்தவர். கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது என்பார். போர்டின் துளையைச் சுற்றியிருக்கும் செப்பு வளையமும் அப்படித்தான். ஒருமுறை உரிந்தால் சரிசெய்வது பெரும்பாடு.

அதனால் பழைய ஸ்டிக்கைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. பொட்டன்ஷியோமீட்டர் கால்களையும் சுவிட்சின் கால்களையும் கட்டரால் நறுக்கிவிடுங்கள். மிஞ்சுவது கூட்டின் நான்கு கால்கள். அவற்றில் புது சால்டரைத் தாராளமாக உருக்கிச் சேருங்கள். ஆலையில் வைத்த ஈயமில்லாச் சால்டர் உருக 217 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஈயம் கலந்தது 183 டிகிரியிலேயே இளகும், இரண்டும் கலந்தால் வேலை சுலபம். அயர்ன் 350 டிகிரி இருக்கட்டும். ஒரு பக்கம் உருக்கிக் கொஞ்சம் தூக்கு, மறுபக்கம் உருக்கிக் கொஞ்சம் தூக்கு என்று ஆட்டிக்கொண்டே வந்தால் கூடு கழன்றுவிடும். நறுக்கிய கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி இடுக்கியால் இழுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை மூக்குக்கு நேராக வரும்.

பம்ப்பால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். சில துளைகள் அடம்பிடிக்கும், ஏனென்றால் அவை பெரிய செப்புப் பரப்போடு இணைந்தவை. சூட்டை அதுவே இழுத்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் சால்டர் சேர்த்து உருக்கி, மறுபக்கத்திலிருந்து பல்குச்சியைச் செருகுங்கள். முரட்டுத்தனம் வேண்டாம்.

புது ஸ்டிக் 14 துளையிலும் தானாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ சால்டர் மிச்சம் இருக்கிறது. கூட்டின் ஒரு காலை மட்டும் முதலில் பற்றவையுங்கள். பக்கவாட்டில் பாருங்கள், சாய்ந்திருந்தால் அதே காலை உருக்கி நேராக்கலாம். நேராக இருந்தால் மற்ற 13-ஐயும் முடியுங்கள்.

மூடுவதற்கு முன் கேபிள், பேட்டரி இரண்டையும் மாட்டி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். புது ஸ்டிக்கின் நடுப்புள்ளி லேசாக விலகியிருக்கலாம். கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாக இணைத்து, பிரவுசரிலேயே அதைச் சரிசெய்யும் (கேலிபரேட்) இலவசக் கருவிகள் இருக்கின்றன.

எல்லாம் மூடிய பிறகு மைலோ மூடியில் ஒரு ஸ்க்ரூ மிச்சமிருந்தால், அநேகமாகப் போர்டின் நடுவில் இருந்ததுதான். எனக்கும் மிஞ்சியது. மறுபடி பிரித்தேன்.