கூடலூரில் மலையாளம் பயில ஃபிளாஷ்கார்டு செயலி

கூடலூர், பந்தலூர் பகுதிகளுக்கு வேலையின் பொருட்டோ திருமணத்தின் பொருட்டோ வந்து சேரும் தமிழர் பலர், சந்தையிலும் பேருந்திலும் காதில் விழும் மலையாளத்தை ஓரளவு புரிந்துகொண்டாலும், வாய்திறந்து ஒரு வாக்கியம் பேசத் தயங்குகிறார்கள். நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்களுக்கு அத்தயக்கத்தைப் போக்க, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் கொண்ட அட்டைகளைத் திரையில் காட்டி நினைவைச் சோதிக்கும் ஃபிளாஷ்கார்டு செயலி உறுதியாகத் துணைசெய்யும்.

படித்தது எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். மறக்கத் தொடங்கும் தறுவாயில் முயன்று நினைவுகூர்ந்தால் அடுத்த மறதி தள்ளிப்போகும் என்பதால், செயலி ஒவ்வோர் அட்டையையும் சில நாள், சில வாரம், சில மாதம் என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே கேட்கிறது. 2006இல் வெளிவந்த ஆங்கி இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் ஆண்ட்ராய்டு வடிவமான ஆங்கிடிராய்ட் இலவசம். அட்டைகள் கைப்பேசியிலேயே இருப்பதால் மழைக்காலத்தில் சிக்னல் இல்லாதபோதும் படிக்கலாம்.

இம்முறையின் பயன் பெரும்பாலும் அட்டையின் தரத்தைப் பொறுத்தது. பிறர் தயாரித்த தொகுப்பைப் பதிவிறக்குவதைவிட, அன்றன்று கடையில் கேட்ட வாக்கியத்தை நீங்களே அட்டையாக்குவதே மேல். கேட்ட இடமும் சொன்னவர் முகமும் நினைவுக்குக் கைகொடுக்கும். முன்பக்கம் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்றும், பின்பக்கம் ‘எனிக்கு வெள்ளம் வேணம்’ என்றும் எழுதுங்கள். தனிச்சொல்லாக எழுதினால், தமிழில் வேறு பொருள் தரும் வெள்ளம் போன்ற சொற்கள் குழப்பும். வாக்கியத்தில் அக்குழப்பம் எழாது. தமிழ் எழுத்தின் ஒரே ‘க’ மலையாளத்தின் நான்கு ஒலிகளுக்கு நிற்க வேண்டியிருப்பதால், மலையாளம் பேசும் அண்டைவீட்டாரின் இசைவுடன் அவர் குரலைப் பதிவுசெய்து பின்பக்கத்தில் சேர்ப்பது மிக அவசியம். செயலியிலேயே அவ்வசதி உண்டு.

புதிய அட்டைகள் நாளுக்கு 20 என்பது செயலியின் இயல்பான அமைப்பு. வேலைக்குச் செல்பவர்கள் அதை 8 ஆகக் குறைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் இன்று சேர்க்கும் ஒவ்வோர் அட்டையும் வரும் வாரங்களில் பலமுறை திரும்பி வரும். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்புங்கள். மறந்திருந்தால் ‘மீண்டும்’ என்பதையே அழுத்த வேண்டும். ‘கடினம்’ என்னும் பொத்தான், சிரமப்பட்டேனும் நினைவுக்கு வந்ததற்கு உரியது. மறந்ததற்கு அதை அழுத்தினால் செயலி நீங்கள் அறிந்திருப்பதாகவே கணக்கிட்டு நாளைத் தள்ளிவைக்கும்.

சில நாள் விட்டுப்போய் அட்டைகள் குவிந்துவிட்டால், அவை தீரும்வரை புதிய அட்டைகளைச் சுழியமாக்குங்கள். 8 முறை மறந்த அட்டையைச் செயலி தனியே அடையாளமிட்டுக் காட்டும்; அதை மேலும் உருப்போடாமல், அதே சொல் வரும் வேறொரு சிறிய வாக்கியத்தைக் கேட்டறிந்து புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.